மேடில்லா ஊரில் மூச்சு வாங்கும் ஜீப்

கேள்வி: மன்னார்த் தீவில் மலையும் இல்லை, மேடும் இல்லை. டர்போ பூட்டிய நாற்சக்கர இழுவை ஜீப் எதை ஏறி இப்படிக் கொதிக்கிறது?

பதில்: மணலை. தலைமன்னார்க் கரையின் இளமணலில் சக்கரம் புதைந்தபடி உருளும்போது, அதை மறிக்கும் உருள்தடை தார்வீதியில் உள்ளதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் கூடிவிடுவதால், கண்ணுக்குத் தட்டையான கடற்கரை எஞ்சினுக்கு முடிவில்லாத ஏற்றமாகிறது. அங்கே கைகொடுப்பது டர்போ. அதாவது, வெளியேறும் புகையின் விசையால் சுழன்று, காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் ஊட்டும் கருவி. கூடுதல் காற்றோடு கூடுதல் டீசலும் எரிவதால் வலுவும் சூடும் சேர்ந்தே பெருக, காற்றைக் கிழித்தோடி ஆறவேண்டிய வண்டியோ நடைவேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கிறது.

கேள்வி: குற்றவாளியைக் கண்டுபிடிப்பது எப்படி?

பதில்: எப்போது சுடுகிறது என்பதே முதற் சாட்சி. மணலில் ஏறிய வெப்பமானி ஊசி வீதிக்கு வந்ததும் இறங்கினால், விசிறியின் கிளட்சை, அதாவது சூடு கூடும்போது உள்ளிருக்கும் சிலிக்கோன் திரவத்தின் பிடியால் விசிறியை விரைவாகச் சுழற்றும் உறுப்பை, முதலில் சோதிக்க வேண்டும். மதவாச்சி வீதியில் வேகமெடுக்கும்போது ஏறினால், ரேடியேட்டரின் குழாய்கள் உள்ளே அடைபட்டிருக்கலாம். அல்லது ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் இடையில் மணலும் பூச்சியும் குடியேறியிருக்கலாம். கூலன்ட் தொட்டியில் குமிழிகள் ஓயாமல் எழுந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கக்கூடும் என்பதால், அதற்குமேல் ஓட்டாமல் கராஜுக்கு இழுத்துச் செல்வதே சிக்கனம்.

கேள்வி: கூலன்டுக்குப் பதிலாகக் கிணற்று நீர் ஆகாதா?

பதில்: தீவின் நன்னீர், மணலுக்கடியில் உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு படலமே, சற்று அதிகம் இறைத்தாலும் உப்பு மேலேறும். உப்பு அலுமினியத்தை அரிக்க, கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே சுண்ணாம்பு ரேடியேட்டர் குழாய்களையும் அடைக்கும். காய்ச்சி வடித்த நீரும் கூலன்டும் சரிபாதியாகக் கலந்து, அமுக்கம் தாங்கும் நல்ல மூடியும் இட்டால், கொதிநிலை 100 பாகையிலிருந்து ஏறத்தாழ 120 பாகை செல்சியசுக்கும் மேலே போகும்.

கேள்வி: தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தால் தொல்லை தீருமா?

பதில்: கட்டுக்கரைக் குளத்தின் மதகைப் பிடுங்கினால் வயல் செழிக்குமா? தேர்மோஸ்டாட்டும் மதகுதான், பெரும்பாலும் 80 பாகையைத் தாண்டியதும் திறந்து நீரை ரேடியேட்டருக்கு அனுப்பும். பல எஞ்சின்களில் அது முழுதாகத் திறக்கும்போதே குறுக்குவழியையும் அடைக்கிறது. ஆகவே அதைக் கழற்றினால் சுடுநீரின் ஒரு பங்கு ரேடியேட்டரை எட்டிப்பாராமலே எஞ்சினுக்குத் திரும்பிவிடும்.

கேள்வி: நடு மணலில் ஊசி ஏறினால்?

பதில்: ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்தால் அது இன்னொரு சிறு ரேடியேட்டராக உழைக்கும், சாரதிக்கு வியர்ப்பது எஞ்சினுக்கு ஆறுதல். கொதிக்கும்போது மூடியைத் திறப்பது மட்டும் வீரமல்ல, முகத்தில் வெந்நீர் வாங்கும் வழி. அடுத்தமுறை மணலில் இறங்குமுன் டயர்க் காற்றைக் குறைத்து லோ கியரில் போட்டால், டயரின் தடம் அகன்று சுமை குறைவதோடு, அதே வேகத்துக்கு எஞ்சின் கூடுதலாகச் சுழல்வதால் விசிறியும் தண்ணீர்ப் பம்பும் விரைவாக இயங்கும்.

கேள்வி: மன்னார்க் கழுதைக்கும் டர்போ ஜீப்புக்கும் என்ன வேற்றுமை?

பதில்: களைத்த கழுதை, அடித்தாலும் அசையாது. ஜீப்போ எஞ்சின் வேகும்வரை சொன்னபடி கேட்கும். ஆகவே நிற்கவேண்டிய புத்தி சாரதிக்கு இருக்கவேண்டும்.