போட்டுட்டு மறந்துடலாம், அத்தை!

(சிகாகோ புறநகரில் ஒரு சமையலறை. ஞாயிறு காலை. பொலோன்யாவிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருக்கும் மாமியார், அமெரிக்க மாப்பிள்ளை. ஆட்கள் கற்பனை, சாஸும் சண்டையும் நிஜம். மரியாதை மட்டும் நம்மூர் வழக்கில்.)

மாமியார்: ஞாயித்துக்கிழமை விடியறதுக்குள்ள எழுந்துட்டீங்களே மாப்பிள்ளை, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?

மாப்பிள்ளை: இன்னிக்குச் சமையல் என் பொறுப்பு, அத்தை. கைமா போட்ட ஸ்பகெட்டி சாஸ். எல்லாத்தையும் இந்த ஸ்லோ குக்கர்ல கொட்டி, ‘லோ’வுல வெச்சா எட்டு மணி நேரம். போட்டுட்டு மறந்துடலாம்!

மாமியார்: மறக்கிறதுல நீங்க கெட்டிக்காரர்னு என் பொண்ணு சொல்லியிருக்கா. கொட்டப்போறது என்னென்ன?

மாப்பிள்ளை: ஒரு கிலோ மாட்டுக் கைமா, ரெண்டு டின் தக்காளி, ஒரு கப் தண்ணி, எட்டுப் பல் பூண்டு, ஆரிகனோ, ரெண்டு ஸ்பூன் சர்க்கரை.

மாமியார்: சர்க்கரையா? யாருக்காவது பிறந்தநாளா? அது போகட்டும். கைமாவைப் பச்சையாவா கொட்டுவீங்க?

மாப்பிள்ளை: உள்ளேயே வெந்துடும் அத்தை. கைமாவோட உள்சூடு 71 டிகிரியைத் தொட்டா பயமில்லாம சாப்பிடலாம்னு எங்க விவசாயத் துறையே சொல்லியிருக்கு.

மாமியார்: வேகும், யார் இல்லேன்னா? சிவக்காது. கறி சிவந்து மணம் வரணும்னா சட்டியோட சூடு 140 டிகிரியாவது வேணும். உங்க பெட்டி தலைகீழா நின்னாலும் நூறைத் தாண்டாது. பச்சையாப் போட்டீங்கன்னா சாம்பல் நிறத்துல கட்டி கட்டியா கிடக்கும், மேலே கொழுப்பு மிதக்கும். வாணலியை எடுங்க.

மாப்பிள்ளை: ஒரே பாத்திரத்துல முடிஞ்சிடும்னுதானே இதை வாங்கினேன்!

மாமியார்: விளம்பரத்துல பாத்திரம் கழுவுற சீனை வெட்டிட்டாங்க போல. வெங்காயம், கேரட், செலரி மூணையும் பொடிசா நறுக்குங்க. இன்னும் பொடிசா. முதல்ல அதைச் சுருள வதக்கணும். அப்புறம் கைமாவை ரெண்டு மூணு தடவையாப் பிரிச்சுப் போடுங்க. மொத்தமாக் குவிச்சா தண்ணி விட்டுக்கிட்டு வேகுமே தவிர வறுபடாது. கொழுப்பை வடிச்சிட்டு, அடியில ஒட்டினதை வைன் ஊத்திச் சுரண்டி எடுங்க. ருசி அங்கேதான் இருக்கு.

(முக்கால் மணி நேரம் போகிறது. அடுப்பு மேடையில் இப்போது வாணலி, இரண்டு கரண்டி, நறுக்குப் பலகை, வடிகட்டி. ‘போட்டுட்டு மறந்துடும்’ சமையலில் இன்னும் ‘போட்டு’ வரவில்லை.)

மாமியார்: இப்ப பெட்டியில போடுங்க. அந்த ஒரு கப் தண்ணியை மட்டும் ஜன்னலோரச் செடிக்கு ஊத்திடுங்க.

மாப்பிள்ளை: எட்டு மணி நேரத்துல சுண்டிடாதா?

மாமியார்: மூடின பெட்டியில எப்படிச் சுண்டும்? ஆவி மூடியில முட்டி, திரும்ப உள்ளேயே சொட்டும். என் சட்டி திறந்திருக்கும், அதனால சுண்டும். உங்களோடது வெச்ச தண்ணியை அப்படியே பத்திரமாத் திருப்பிக் கொடுக்கும்.

மாப்பிள்ளை: கடைசியில கொஞ்சம் மாவு கரைச்சு ஊத்தினா கெட்டியாகிடுமே?

மாமியார்: மாவா! எங்க ஊர்க் கைமா சாஸ் ராகூவுக்குப் பத்திரப் பதிவே இருக்கு, தெரியுமா? இத்தாலியச் சமையல் அகாடமி, பொலோன்யா வர்த்தக சபையில பதிவு பண்ணின குறிப்பு. மாவுக்குத் தடை. பூண்டுக்கும் தடை.

மாப்பிள்ளை: (ஃபோனைத் தட்டியபடி) எந்த வருஷத்துப் பத்திரம், அத்தை?

மாமியார்: அது… 1982.

மாப்பிள்ளை: இந்த க்ராக்-பாட் ஸ்லோ குக்கர் கடைக்கு வந்தது 1971! உங்க பாரம்பரியத்தை விட எங்க பெட்டி பதினொரு வயசு மூத்தது. அதுவுமில்லாம 2023-ல அந்தப் பத்திரத்தைத் திருத்தியிருக்காங்க. இந்தத் தடைப் பட்டியலே அதுலதான் இருக்கு. இன்னிக்குச் சேத்ததைப் பாட்டன் காலத்துச் சட்டம் மாதிரி சொல்றீங்களே!

மாமியார்: பத்திரம்தான் புதுசு, நிலம் பழசு.

மாப்பிள்ளை: பழசையும் பாக்கலாமே. 1891-ல அர்தூசி எழுதின சமையல் புத்தகத்துல பொலோன்யா மக்ரோனி இருக்கு. கன்னுக்குட்டிக் கறி இருக்கு. தக்காளியைக் காணோம்!

மாமியார்: அவர் ஃபிளாரன்ஸ்ல உட்காந்து எழுதினவர். ஃபிளாரன்ஸ்காரங்க சொல்றதையெல்லாம் நாங்க காதுல போட்டுக்கிறதில்லை.

மாப்பிள்ளை: 1972-ல அதே வர்த்தக சபையில தங்கத்துல தாலியாதெல்லேங்கிற நூடுல்ஸ் பட்டை ஒண்ணு செஞ்சு வெச்சீங்களாமே? வெந்த தாலியாதெல்லே எட்டு மில்லிமீட்டர் அகலம் இருக்கணும், அது உங்க ஊர் அசினெல்லி கோபுரத்தோட உயரத்துல 12,270-ல ஒரு பங்குன்னு கணக்கு வேற. பசியில இருக்கிறவன் செய்யற வேலையா அத்தை இது?

மாமியார்: வயிறு நிறைஞ்சவங்க செய்யற வேலைதான். உங்களை மாதிரி ஆளுங்க ஸ்பகெட்டி மேல ராகூவைப் போட்டு எங்க ஊர்ப் பேரை வெச்சிடறீங்களே! எங்க மேயரே 2019-ல அந்த மாதிரித் தட்டுகளோட படங்களை அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கினார். சரி, உங்க பெட்டியோட பூர்வீகம் என்ன?

மாப்பிள்ளை: சுத்தமான சிகாகோ. இர்விங் நாக்சன்னு ஒருத்தர், 1940-ல காப்புரிமை வாங்கினார். லித்துவேனியாவுல வில்னியஸ் ஊர்க் கதையை அவர் அம்மா சொல்லியிருக்காங்க. சப்பாத்ங்கிற ஓய்வு நாள்ல யூதர்கள் தீ மூட்டக் கூடாது. அதனால வெள்ளிக்கிழமையே பீன்ஸும் கறியும் போட்ட பானையை பேக்கரி அடுப்புல வெச்சிடுவாங்களாம். அணைஞ்ச அடுப்போட சூட்டுல ராத்திரி பூரா வேகுமாம்.

மாமியார்: அப்ப உங்க பெட்டிக்குள்ளயும் ஒரு பாட்டிதான் உட்காந்திருக்கா. அதை முதல்லயே சொல்லியிருந்தா நான் இவ்வளவு பேசியிருக்க மாட்டேனே.

(மதியம்.)

மாமியார்: மாப்பிள்ளை, மூடியை இதோட எத்தனை தடவை திறந்துட்டீங்க? ஒவ்வொரு தடவையும் போன சூடு திரும்பி வர்றதுக்கே இருபது நிமிஷம் ஆகும். மறந்துடலாம்னு சொன்னீங்க, பிரசவ வார்டுக்கு வெளியே நிக்கிற மாதிரி நடந்துக்கிட்டே இருக்கீங்க.

மாப்பிள்ளை: வாசனை இழுக்குது அத்தை. ஆனா இன்னும் நீர்த்துத்தான் இருக்கு.

மாமியார்: கடைசி ஒரு மணி நேரம் ‘ஹை’யில வெச்சு மூடியை எடுத்துடுங்க, சுண்டும். இறக்குறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி பால் ஊத்துங்க. இப்பவே ஊத்தினா திரிஞ்சு போகும்.

மாப்பிள்ளை: ஒத்துக்கிறேன். முழுசா மறக்க முடியலை.

மாமியார்: ஏன் முடியாது? உங்க மாமனார் மறந்தாரே! கல்யாணமான நாள்லேர்ந்து ஞாயித்துக்கிழமை பேப்பரைப் பிரிப்பார், மத்தியானம் தட்டுக்கு ராகூ வந்துடும். அவருக்கு ஸ்லோ குக்கர் நான்தான். கரன்ட் பில் கூடக் கிடையாது. பாரம்பரியம்னு மேடையில அழகாப் பேசுவார். செலரி எந்தக் கூடையில இருக்குன்னு கேட்டா முழிப்பார்.

மாப்பிள்ளை: (சட்டென்று பேச்சை மாற்றி) ஸ்பகெட்டி வேண்டாம் அத்தை, உங்களுக்காகத் தாலியாதெல்லே வாங்கி வெச்சிருக்கேன். எட்டு மில்லிமீட்டர் இருக்கான்னு அளக்க ஸ்கேல் எடுத்துட்டு வரட்டுமா?

மாமியார்: ஸ்கேல் எதுக்கு? பாத்திரம் தேய்க்கிற பஞ்சை எடுத்துட்டு வாங்க. அந்த வாணலி காலையிலேர்ந்து அப்படியே காஞ்சு கிடக்கு.