வே கங்கைத் தக்கை: சும்மா இருத்தலின் கருவியியல் பற்றி ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

இரத்தினபுரி மாவட்டம் கஹவத்தையை அண்டிய தோட்டங்களில் ஆண்கள் ஆற்றங்கரையில் குந்தித் தக்கை போட்டுத் தூண்டில் பிடிப்பது வழக்கம். இது மீன் பிடிக்கும் முறை என்றே ஊரார் இன்றுவரை நம்பிவருகிறார்கள். கருவி, இரை, ஆறு, பிடிபட்ட மீன், பிடிபடாத மீன் ஆகிய ஐந்தையும் சோதித்தபின், அந்த நம்பிக்கைக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று இக்கட்டுரை நிறுவுகிறது. தக்கை, சும்மா இருப்பதற்கு ஊர் தரும் அனுமதிச் சீட்டு என்பதே நமது கருதுகோள்.

1. புலமும் பிரச்சினையும்

பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய போகும் பாதையில் கஹவத்தை இருக்கிறது. ஊரைத் தொட்டு ஓடும் வே கங்கை, கடைசியில் களு கங்கையில் போய்ச் சேர்கிறது. மேட்டில் கீழ்நாட்டுத் தேயிலை, சரிவில் இறப்பர், பள்ளத்தில் மாணிக்கக் குழி. இந்த மூன்றிலும் வேலை செய்பவர்கள் ஓய்வுக்கு இறங்கிவரும் இடம் ஆறு.

தோட்டத்தில் பொழுது நிறுக்கப்படும் பொருள். விடிந்ததும் பிரட்டுக்களம், அப்புறம் மலை, அப்புறம் தராசு. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. ஞாயிறன்றும் விட்டபாடில்லை, கைக்காசுக்குக் கூப்பிடுவார்கள். 2021இல் நாட்கூலி 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தபோதும், அடுத்த நாளே கிளம்பிய வாக்குவாதம் அதற்கு எத்தனை கிலோ என்பதுதான்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் சும்மா குந்தியிருந்தால் ஊர் சும்மா விடாது. முதலில் போகிறவர் "என்னா, மேலுக்கு முடியலையா?" என்பார். அடுத்தவர் "வீட்டுல ஏதும் சண்டையா?" என்பார். மூன்றாமவர் கேட்கமாட்டார், குடித்திருக்கிறான் என்று தாமே முடிவுகட்டி லயத்தில் போய்ச் சொல்லிவிடுவார். அதே ஆள், அதே கல், அதே குந்தல். கையில் மட்டும் ஒரு கம்பு இருக்கட்டும். கேள்விகள் மூன்றும் ஒன்றாகச் சுருங்கிவிடும்: "ஏதும் கெடைச்சிச்சா?"

சும்மா இருப்பதே சுகம் என்று நம் ஞானிகள் பாடிவைத்தார்கள். எப்படி இருப்பது, யாராவது கேட்டால் என்ன சொல்வது என்ற நடைமுறைச் சிக்கலை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அதைத் தீர்த்துவைத்தது தக்கை.

2. முன்னோர் ஆய்வுகள்

இத்துறையில் தமிழர் பிந்தியவர்கள் அல்லர். குறுந்தொகையின் 54ஆம் பாட்டைப் பாடியவரின் சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்காமல் போய், அவர் மீனெறிதூண்டிலார் என்றே அழைக்கப்படுகிறார். யானை வளைத்துப் பிடித்த மூங்கிலைக் கைவிட்டதும் அது நிமிர்வதற்குத் தூண்டில் கம்பு நிமிர்வதை அவர் உவமை சொன்னார். அந்தக் கம்பின் நுனியில் மீன் இருந்ததா என்பது பாட்டில் இல்லை. நமது கருதுகோளுக்கு இது முதல் ஆதாரம்.

வள்ளுவர் இதற்கு நேரெதிரான கட்சி. 931ஆம் குறளில் சூதாட்ட வெற்றியைத் தூண்டில் இரும்பை விழுங்கிய மீனோடு ஒப்பிடுகிறார். அவர் மீனின் பக்கமிருந்து பேசுகிறார். கரையில் குந்தியிருந்தவரை அவர் பேட்டி எடுக்கவில்லை. ஆகவே அவருடைய கருத்தை இங்கே மரியாதையோடு ஒதுக்கிவைக்கிறோம்.

1496இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூல் ஒன்று ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் அம்மையார் பெயரில் வழங்குகிறது. தக்கை மரத்தைச் சூடான கம்பியால் துளைத்து, இறகுத் தண்டைச் செருகி மிதவை செய்வது எப்படி என்று அது விளக்குகிறது. மீனே அகப்படாவிட்டாலும் நல்ல நடையும் நல்ல காற்றும் பூவாசமும் மிச்சம் என்றும் அதே நூல் சொல்கிறது. ஆக, சாக்கு அச்சேறி ஐந்து நூற்றாண்டுக்கு மேலாகிறது. 1653இல் ஐசக் வால்டன் எழுதிய புகழ்பெற்ற தூண்டில் நூல், தன் உபதலைப்பிலேயே இதைச் சிந்தனையாளனின் பொழுதுபோக்கு என்று அறிவித்துவிட்டது. சிந்திக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு குந்தியிருக்கக் கஹவத்தையில் எந்தக் கங்காணியும் விடமாட்டார். கம்பு கட்டாயம் வேண்டும்.

3. கருவி

கம்பு மூங்கில். நரம்பு தங்கூசி. முள்ளு கடையில் வாங்குவது. இவை மூன்றும் எங்கும் உள்ளவை. தக்கைதான் உள்ளூர்க் கண்டுபிடிப்பு.

தேய்ந்த பாட்டா செருப்பின் குதிப்பக்கத்தில் பிளேடால் ஒரு துண்டு வெட்டவேண்டும். கோணியூசியால் நடுவே ஓட்டை போட்டு, தங்கூசியைக் கோத்து, தென்னீர்க்கு ஒன்றை ஓட்டைக்குள் இறுக்கிச் செருகவேண்டும். ஈர்க்கைத் தளர்த்தினால் தக்கை மேலும் கீழும் நகரும், இறுக்கினால் நிற்கும். முள்ளு எவ்வளவு ஆழத்தில் தொங்க வேண்டும் என்பதை இந்த ஈர்க்குதான் தீர்மானிக்கிறது. பண்டிகைக்கு வாங்கிய ரேடியோப் பெட்டியில் வந்த ரெஜிபோமில் செய்வோரும் உண்டு. அது உடையும், உருண்டை உருண்டையாக ஆற்றில் போகும். கற்றறிந்தோர் செருப்பையே விரும்புவர். தங்கூசியில் கனத்துக்குக் கட்டும் ஈயத்துக்கு முந்திய தலைமுறை கஷ்டப்படவில்லை. தேயிலைப் பெட்டிக்குள் ஈயத்தாள் ஒட்டிய காலம் ஒன்று இருந்தது. ஒரு கிழிசல் போதும்.

இனி இயற்பியல். தக்கைக்குக் கீழே ஈயம் கட்டி, நுனி மட்டும் தெரியும்படி அதைத் தாழ்த்திவைப்பது உலகவழக்கு. அப்போதுதான் மீன் இரையைத் தொட்ட மாத்திரத்தில் தக்கை ஆடும், மீனுக்கும் இழுவை தெரியாது. நம் செருப்புத் துண்டு ஒவ்வொரு பக்கமும் 2 சென்ரிமீற்றர் என்று கொள்வோம். கனவளவு 8 கன சென்ரிமீற்றர். முழுக்க அமிழ்ந்தால் அது தள்ளும் தண்ணீர் 8 கிராம். துண்டின் எடை 2 கிராம் என்றால், அதை அமிழ்த்த இன்னும் 6 கிராம் இழுவை வேண்டும். நம்மவர் கட்டும் ஈயமோ மிளகளவு. மிச்ச இழுவை முழுவதும் மீனின் தலையில். விரலளவு மீன் இரையைக் கவ்வுகிறது, மேலே ஏதோ பிடித்து இழுப்பதை உணர்கிறது, துப்பிவிட்டுப் போகிறது.

ஆர்க்கிமிடீஸ் அறிந்த இந்த உண்மை எங்கள் மாமாவுக்குத் தெரியாது என்று யாரும் எண்ணவேண்டாம். ஈர்க்கின் அரை அங்குல வித்தியாசத்தைக் கண்ணால் அளப்பவர் அவர். "இன்னுங் கொஞ்சம் சின்னதா வெட்டினா என்ன மாமா?" என்று கேட்டதற்கு, "சின்னதா வெட்டினா சும்மா சும்மா அமிழும்டா, நிம்மதியா குந்தியிருக்க ஏலாது" என்றார். இதைவிடத் தெளிவான முறையியல் விளக்கத்தை ஆய்வேடுகளில் காண்பது அரிது.

4. தக்கையின் அசைவுகள்: ஒரு வகைப்பாடு

நடுக்கம்: பெத்தியாக் குஞ்சுகள் புழுவைப் பிய்க்கின்றன. அலட்சியம் செய்யலாம்.

படுத்தல்: அடியில் கிடந்த இரையை ஈயத்தோடு மீன் தூக்கிவிட்டது, கீழே கனம் இல்லாததால் தக்கை மல்லாந்துவிடும். எழுந்து நிற்கவேண்டிய நேரம்.

நழுவல்: திலாப்பியா. இரையை வாயில் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் போகும். தக்கை சாய்ந்தபடி நடக்கும்.

அமிழ்ந்து மீளாமை: விலாங்கு, அல்லது கல். இரண்டில் எது என்பது தங்கூசி அறுந்தபின் விவாதிக்கப்படும்.

அசையாமை: நாளின் பெரும்பகுதி இதுவே. இதற்கு உயிரியல் காரணமும் உண்டு. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவில், தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும். வாய் நிறையப் பிள்ளைகளோடு இருப்பவள் புழுவைத் திரும்பியும் பார்ப்பதில்லை. தேங்கிய மடுவில் இப்படி எத்தனை தாய்மார் இருந்தாலும் தக்கைக்கு ஒரு சேதியும் வராது.

வட அமெரிக்க ஆறுகளில் சிறுவாய் பாஸ், டிரவுட் ஆகியவற்றைப் பிடிப்பவர்கள் தக்கையை நீரோட்டத்தின் வேகத்திலேயே மிதக்கவிட்டு, இரை தானாக வருவதுபோல் காட்டுவார்கள். கஹவத்தையில் இம்முறை பரவவில்லை. தக்கை போனால் ஆளும் எழுந்து கூடவே போகவேண்டும் அல்லவா? நம்மவர் ஓட்டமில்லாத மடுவாகப் பார்த்து, நிழலுள்ள கல்லாகப் பார்த்துப் போடுகிறார்கள். இடத்தைத் தெரிவது மீனா, முதுகா என்பதை வாசகர் முடிவுக்கே விடுகிறோம்.

5. கலங்கல் விதி

இரத்தினபுரிப் பகுதியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. மழை பெய்தால் மரம் நனையும், இறப்பர் பால் வெட்ட முடியாது, ஆளுக்கு ஓய்வு கிடைக்கும். அதே மழையில் ஆறு கலங்கும், போதாததற்கு மாணிக்கக் குழிகளின் மண்ணும் சேரும், வே கங்கை பால்தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும். இரையைக் கண்ணால் தேடும் மீன் அந்தத் தண்ணீரில் கடிப்பது அபூர்வம். மழை விட்டு ஆறு தெளியும். தெளிந்த அன்று விடிய வேலை தொடங்கிவிடும்.

இதிலிருந்து பிறப்பதே கலங்கல் விதி: ஓய்வும் மீனும் ஒரே நாளில் வருவதில்லை. மீனுக்காகத்தான் தூண்டில் என்றால் இந்த விதியைக் கண்டவர்கள் எப்போதோ கம்பை முறித்துப்போட்டிருப்பார்கள். கலங்கிய ஆற்றிலும் தக்கை மிதந்துகொண்டிருக்கிறதே, அதற்கு நமது கருதுகோளன்றி வேறு விளக்கம் இல்லை.

6. மேல்நாட்டு ஒப்பீடு

தொரைமாருக்கும் இதே பிரச்சினை இருந்தது. 1880களில் அவர்கள் பிரித்தானியாவிலிருந்து டிரவுட் முட்டைகளைக் கப்பலேற்றி வரவழைத்து நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் விட்டார்கள். பின்னர் ஹோட்டன் சமவெளியில் வானவில் டிரவுட் நிலைத்தது. மீன்பிடிக்கென்று சங்கமும் அமைத்தார்கள். ஆற்றங்கரையில் நிம்மதியாக நிற்பதற்கு அவர்களுக்குக் கடல் கடந்த முட்டையும், பொரிப்பகமும், ஒரு சங்கமும் தேவைப்பட்டன. குளிர்ந்த நீரில் மட்டுமே வாழும் அந்த மீன் கஹவத்தையின் வெதுவெதுப்பில் ஒரு நாளும் தாக்குப்பிடிக்காது. கஹவத்தைக்காரருக்கு ஒரு பழைய செருப்பு போதுமாயிற்று. எந்த நாகரிகம் சிக்கனமானது என்பதைப் பொருளியலார் ஆராயட்டும்.

7. மறுப்புகளும் பதில்களும்

"மாமா பிடித்த மீனை நாங்களே கறி வைத்துத் தின்றிருக்கிறோமே?" உண்மை. விபத்துகளை ஆய்வு மறுக்கவில்லை. ஆனால் லயத்துச் சட்டியில் வழக்கமாகக் கொதிப்பது கருவாடு, நெத்தலி, டின்மீன். கொஞ்சம் கையில் காசு இருந்தால் உடவளவைப் பக்கமிருந்து வரும் குளத்து மீன். ஆற்று மீனை நம்பி யாரும் மிளகாய் அரைத்துவைப்பதில்லை.

"அரசாங்கம் நன்னீர் மீன்பிடியை ஊக்குவிப்பது மீனுக்காகத்தானே?" அரசாங்கத்துக்கு அப்படித்தான். 1990இல் உயிர்க்கொலைக்கு எதிரான சமய எதிர்ப்பை அடுத்து அரசு அந்த ஆதரவை நிறுத்தியது. 1994இல்தான் மீண்டும் தொடங்கியது. அந்த இடைக்காலத்தில் குளங்களின் மீன்பிடி தளர்ந்தது. தக்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. மீனை நம்பியிராத தொழிலை மீன் கொள்கை என்ன செய்துவிடும்?

8. ஆய்வின் இடைவெளியும் ஒரு பரிசோதனையும்

இதுவரை சொன்ன அனைத்தும் ஆண்களைப் பற்றியவை. தக்கை மிதக்கும் மடுவிலிருந்து பத்து முழம் தள்ளி, அதே ஆற்றில், அதே ஞாயிற்றுக்கிழமை, அத்தை கல்லில் துணி அடித்துக்கொண்டிருப்பார். கிழமை முழுதும் மலையில் கொழுந்தெடுத்து நிறுத்துக் கொடுத்தவரும் அவரே. அவருக்கென்று ஒரு தக்கை எந்தச் செருப்பிலிருந்தும் இதுவரை வெட்டப்படவில்லை. அவர் சோப்புக் கட்டியைக் கீழே வைத்துவிட்டு ஐந்து நிமிடம் தண்ணீரைப் பார்த்தால், முன்சொன்ன கேள்விகள் மூன்றும் உடனே திரும்பிவரும், கூடவே நாலாவதாக "சோறு ஆக்கியாச்சா?" என்பதும்.

ஆகவே கம்பை அத்தையிடம் கொடுத்துவிட்டு மாமா துணி துவைக்கும் பரிசோதனையை முன்மொழிந்தோம். மாமா, தக்கை அசையாமலேயே கம்பைத் தூக்கி முள்ளைப் பார்த்து, "புழுவத் தின்னுட்டுப் போயிருச்சு" என்று சொல்லிவிட்டு, புழு தோண்ட மாட்டுப்பட்டிப் பக்கம் போனார். பரிசோதனை பாதியளவில் நிறைவேறியது என்று கொள்ளலாம்.

அத்தையோ ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்:

"இதப் புடிச்சிக்கிட்டு எம்புட்டு நேரம் குந்தியிருக்கணும்?"

"நாள் பூரா ஆகும் அத்தை."

"அப்ப இங்க குடு."

மீன் கிடைக்குமா என்று அவர் கேட்கவே இல்லை. கருதுகோள் நிறுவப்பட்டது.