மெதுவாப் போங்கய்யா!

ஜூலியஸ் சீசருக்கு ஆயிரம் கவலை. டைபர் நதிக்கு அக்கரைத் தோட்ட வீட்டில் கிளியோபாட்ரா, செனட்டில் கத்தி தீட்டும் நண்பர்கள், நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும் வழுக்கை. போதாக்குறைக்கு ரோம் நகரத்து டிராஃபிக் வேறு. சந்து அகலத்துக்கு ஒரு தெரு, அதில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி, நடுவில் நசுங்க ஒரு குடிமகன்.

கி.மு. 45 வாக்கில் வந்ததாகச் சொல்லப்படும் அவருடைய சட்டம் ரொம்ப எளிமையானது. பொழுது விடிந்தது முதல் சாய்வதற்கு இரண்டு மணி நேரம் இருக்கும்வரை நகருக்குள் வண்டி ஓடக் கூடாது. உடனே விலக்குப் பட்டியல் கிளம்பியது. கோயில் கட்டக் கல் ஏற்றிய வண்டியா? போகலாம். வெஸ்டா கோயில் கன்னியரா? போகலாம். வெற்றி ஊர்வலமா? தாராளமாகப் போகலாம். அந்தக் காலத்து ரோமில் அடிக்கடி வெற்றி ஊர்வலம் போனவர் யார் என்று கேட்டால், சட்டம் போட்ட அதே சீசர்தான்.

பகலெல்லாம் ஊர் எல்லையில் காத்துக் கிடந்த வண்டிகள், பொழுது சாய ஆரம்பித்ததும் கடகடவென்று உள்ளே நுழைந்தன. பகலில் நசுங்கிய குடிமகன் ராத்திரியில் தூக்கம் கெட்டான். சீசர் போய் நூற்றைம்பது வருஷம் கழித்தும் சக்கரச் சத்தத்திலும் வண்டிக்காரர்களின் வசவிலும் கண்மூட முடியவில்லை என்று ஜுவெனல் என்ற கவிஞர் பிலாக்கணம் வைத்திருக்கிறார். தொல்லை தீரவில்லை, ஷிஃப்ட் மாறியது.

அடுத்த காட்சி இங்கிலாந்தில். நீராவி வண்டிகளைக் கண்டு குதிரைகள் மிரண்டன, குதிரைகளைவிட அதிகமாக எம்.பி.க்கள் மிரண்டார்கள். 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி வண்டி ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைலுக்கு மேல் போகக் கூடாது. 60 கஜம் முன்னால் ஒரு ஆள் சிவப்புக் கொடியோடு நடக்க வேண்டும். ஆக, வண்டியில் போகிறவருக்கு முன்பாகக் கொடி பிடிக்கிறவர் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார். 1878இல் பெரிய மனது பண்ணிக் கொடிக் கட்டாயத்தை எடுத்தார்கள். ஆள் மட்டும் நடந்துகொண்டே இருந்தார்.

1896 ஜனவரி 28. கென்ட் பகுதியில் பேடக் வுட் என்ற ஊர். கான்ஸ்டபிள் ஒருவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசலில் குதிரை இல்லாத வண்டி ஒன்று பறந்தது. பறந்தது என்றால் மணிக்கு 8 மைல். சாப்பாட்டை விட்டு எழுந்து, ஹெல்மெட்டை மாட்டி, சைக்கிளில் ஏறி, ஐந்து மைல் துரத்திப் பிடித்தாராம். மாட்டிய வால்டர் ஆர்னால்டுக்கு வேகத்துக்காக ஒரு ஷில்லிங் அபராதம். மனிதர் பென்ஸ் கார் விற்கிறவர். சைக்கிள் போலீஸ் ஐந்து மைல் மிதித்தால்தான் பிடிக்க முடியும் என்பதைவிட மலிவான விளம்பரம் எங்கே கிடைக்கும்?

அதே வருஷம் நவம்பரில் உச்ச வேகம் 14 மைலானது. லண்டனிலிருந்து பிரைட்டனுக்குக் கார் ஊர்வலம். புறப்படுமுன் வின்சில்சி பிரபு ஒரு சிவப்புக் கொடியைக் கிழித்தார், பலத்த கைதட்டல். பதினெட்டு வருஷத்துக்கு முன்பே சட்டம் கைவிட்ட கொடி அது. செத்த பாம்பை அடிப்பதிலும் பிரபுக்களுக்குத் தனி ஸ்டைல்.

பிறகு காரை மிரட்டுவதை விட்டு ரோட்டையே மேடாக்கலாம் என்று ஒரு யோசனை பிறந்தது. 1906இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் சேத்தம் என்ற ஊர், ஆட்கள் கடக்கும் இடங்களை ஐந்து அங்குலம் உயர்த்தத் திட்டம் போட்டது. ஆனால் வேகத்தடைக்கு நோபல் அந்தஸ்து தந்தவர் ஆர்தர் ஹாலி காம்ப்டன். எக்ஸ் கதிர் எலெக்ட்ரானில் மோதினால் சக்தியை இழந்து திசை மாறும் என்று காட்டி 1927இல் பரிசு வாங்கியவர், அணுகுண்டுத் திட்டத்திலும் பணியாற்றியவர். பிறகு செயின்ட் லூயிஸில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குத் தலைவரானார். வாசலில் கார்கள் சீறிப் பாய்ந்தன. 1953இல் எக்ஸ் கதிருக்கு நேர்ந்ததையே கார்களுக்கும் நேரவைத்தார். நீளமான மேடு, மோதல், சக்தி இழப்பு. ‘ஹாலி மேடு’ என்று அதற்குப் பெயரும் வந்தது. தொல்லை இந்த முறை காரோட்டியின் இடுப்புக்கு இடம் மாறியது.

1960களின் கடைசியில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரவாசிகள் மனு கொடுத்து அலுத்துப்போய், ராத்திரியோடு ராத்திரியாகத் தெருச் செங்கல்லைப் பெயர்த்து, கார் வளைந்து நெளிந்துதான் போக முடியும்படி செய்தார்கள் என்பது பிரபலமான கதை. யோஸ்ட் வால் என்ற நகராட்சிப் பொறியாளர் அந்த வளைவு நெளிவுகளை முறையான வடிவமைப்பாக்கினார். 1976இல் அதுவே நாட்டுச் சட்டமானது. ‘வூனெர்ஃப்’ எனப்படும் அந்தத் தெருக்களில் முழு அகலத்திலும் நடக்கலாம், நடுத்தெருவில் பிள்ளைகள் விளையாடலாம், கார் நடை வேகத்தில்தான் வர வேண்டும் என்று விதி வந்தது. கொடி பிடிக்க ஆளே தேவைப்படவில்லை.

இரண்டாயிரம் வருஷத்துக் கதையின் முடிவு இவ்வளவுதான். வண்டிக்கு வெறும் சட்டம் போட்ட ஊர் தோற்றது, வண்டிக்காரனைத் தெருவுக்கு விருந்தாளியாக்கிய ஊர் ஜெயித்தது. அடுத்த முறை உங்கள் தெருக் கூட்டத்தில் வேகத்தடைக்குக் கை தூக்குமுன் ஒன்று கேளுங்கள்: அது யார் வீட்டு வாசலில் வரும்? அந்தக் கேள்வியோடு பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். மிச்சம் இருப்பவர்களை வைத்துப் பேச்சை ஆரம்பியுங்கள்.