கோழிக்கும் அதே மாத்திரை

பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்று கல்யாணப் பந்திகளில் வருஷக்கணக்காக முழங்கியவன் நான். அது சீக்கிரம் கொழுப்பது இனத்தாலும் தீவனத்தாலும்தான், ஊசியெல்லாம் கிடையாது என்று கால்நடை டாக்டர் ஒருவர் சொன்னார். முழங்கிய போதெல்லாம் என் இலையில் லெக் பீஸ் இருந்தது வேறு விஷயம்.

அந்த முழக்கக் காலத்தில்தான் பிராய்லரை வெறுத்து, கொல்லையில் நாட்டுக்கோழி வளர்த்தேன். ஒரு நாள் ஒன்று வெள்ளையாகக் கழிந்துகொண்டு, இறக்கையைத் தொங்கப்போட்டு நின்றது. மருந்து டப்பாவில் அமாக்சிசிலின் ஆன்டிபயாடிக் மிச்சமிருந்தது. காய்ச்சல் இறங்கியதும் எனக்கு நானே டிஸ்சார்ஜ் கொடுத்துக்கொண்டதில் மிஞ்சியது. கேப்ஸ்யூலைப் பிரித்துச் சோற்றில் கலந்து எல்லாக் கோழிக்கும் வைத்தேன். டோஸ்? குத்துமதிப்புதான்.

வந்தது வெள்ளைக்கழிச்சல். வைரஸ். ஆன்டிபயாடிக்கால் அதை அசைக்கக்கூட முடியாது. முன்பே தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். கோழி போய்ச் சேர்ந்தது.

"மாத்திரை வீணாப் போச்சே" என்றேன் டாக்டரிடம். "வீணாகல சார், வேலை செஞ்சிருக்கும்" என்றார். மிச்சக் கோழிகளின் குடலில் மருந்துக்குச் சாகிற பாக்டீரியா செத்திருக்கும். தாக்குப்பிடித்தது காலி இடத்தில் பெருகும். தப்பிக்கிற வித்தை அதன் மரபணுவில் இருக்கிறது. அதை வேறு இன பாக்டீரியாவுக்கும் கைமாற்றிவிடும். பிறகு எச்சத்தோடு வெளியே வந்து மண், தண்ணீர் என்று பரவும். அந்த எச்சத்தைத்தான் கீரைப்பாத்திக்கு எருவாகப் போட்டிருந்தேன். கீரையை 'சுத்த ஆர்கானிக், அக்கா' என்று தெருவுக்கே விநியோகித்தும் விட்டேன்.

பெரிய பண்ணைகள் செய்தது இதையே, ஆனால் திட்டம் போட்டு. ஐ.சி.யூ.வில் வேறெதுவும் கேட்காதபோது எடுக்கும் கடைசி மருந்துகளில் ஒன்று கொலிஸ்டின். அதைத் தீவனத்தில் கலந்தார்கள், நோய்க்குக்கூட இல்லை, எடை கூட்ட. பாக்டீரியாவை அதற்கு மசியாததாக்கும் எம்.சி.ஆர்-1 மரபணு சீனாவில் பன்றிகளிடமும் கடை இறைச்சியிலும் நோயாளிகளிடமும் இருப்பது 2015-ல் தெரியவந்தது. 2019-ல் இந்தியா உணவுக்கான கால்நடை, கோழி, மீன் வளர்ப்பில் கொலிஸ்டினைத் தடைசெய்தது. "படுபாவிகள், கடைசி மருந்தையுமா!" என்று நானும் கொதித்தேன். கொல்லையில் என் கோழிகள் கொக்கரித்தன.

நன்றாக வெந்தால் மருந்துக்கு மசியாத பாக்டீரியாவும் செத்துவிடும். வம்பு பச்சைக் கறியில்தான். நானோ சுத்தக்காரன்: கறியைக் குழாயை முழுசாகத் திறந்து அலசுவேன். தெறிக்கிற தண்ணீர் பக்கத்தில் சாலட்டுக்கு நறுக்கி வைத்த வெள்ளரிக்காயில் விழும். சாலட்டை யார் வேகவைக்கிறார்கள்?

ஆன்டிபயாடிக் அட்டையின் பின்பக்கம் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். டிசைன் என்று நினைத்திருந்தேன். டாக்டர் சீட்டு இல்லாமல் தொடாதே என்பதற்காம். உங்கள் வீட்டு டப்பாவில் பாதி தின்ற அட்டை கிடந்தால், தயவுசெய்து கோழி வளர்க்கிறவர்களிடம் மூச்சு விடாதீர்கள். குறிப்பாக என்னிடம்.