சீரும் பங்கும்

கேள்வி: கம்பத்தில் இன்னும் பாகம் பிரியாத எங்கள் பிதுரார்ஜித நன்செய்யில் பங்கு கேட்டால், "1985-இல் விவாகத்தின்போதே சீர் செய்தாயிற்று" என்கிறார் அண்ணன். எனக்குப் பாத்தியதை உண்டா?

பதில்: உண்டு, அம்மணி. இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி 1989-இல் தமிழ்நாடு மகளிருக்குச் சமபங்கு வழங்கியபோது, அதற்கு முன்பே விவாகமானவர்களை வாசலில் நிறுத்திவிட்ட குறையை, 2005-ஆம் வருஷத்திய மத்தியத் திருத்தம் நீக்கிற்று. தகப்பனார் அதற்கு முன்பே காலமாகியிருந்தாலும் அவ்வுரிமை போகாதென்று 2020-இல் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி நடந்த பாகப்பிரிவினைகளை இச்சட்டம் தொடாது. மலையைக் குடைந்து வரும் பெரியாற்றுத் தண்ணீர், வரப்புக்கு உரியவர் ஆணா பெண்ணா என்று விசாரித்தா பாய்கிறது? சீர் பிரியத்தின் அடையாளமேயன்றி விடுதலைப் பத்திரமன்று. சார்பதிவாளர் ஆபீசில் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். அதுவரை அண்ணன் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் வாசிக்காமல் கையெழுத்திடாதீர்கள்.