150 கிலோமீட்டர் சாது

அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து எஸ்டேட் பக்கம் காலை எட்டே முக்காலுக்கு ஒரு பைக் போகிறது. வேகம் 25. முன்னால் போகும் ஷேர் ஆட்டோவுக்கு மரியாதையான இடைவெளி. திரும்ப வேண்டிய தெருவுக்கு ஐம்பது அடி முன்பே இண்டிகேட்டர். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துவிட்டார்கள். இப்போதுதான் ஓட்டக் கற்றுக்கொள்கிறாரா, மடியில் முட்டை அட்டை ஏதாவது வைத்திருக்கிறாரா என்று தாண்டும்போது எட்டிப் பார்க்கிறார்கள். ஒன்றும் இல்லை. நேற்று சாயங்காலம் பின் டயர் மாற்றியிருக்கிறார், அவ்வளவுதான்.

இவரைப் போன்றவர்கள் மேற்குச் சென்னையில் தெருவுக்கு ஒருவர் உண்டு. நாற்பதைத் தாண்டியவர். எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசர், இல்லையென்றால் ஆவடியில் மத்திய அரசு உத்தியோகம், அதுவும் இல்லையென்றால் பூந்தமல்லியில் சொந்தமாக ஹார்டுவேர் கடை. வருஷம் முழுக்க அவர் ஓட்டுகிற அழகே வேறு. பாடி மேம்பாலத்தில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே நுழைவார். சிக்னலில் பச்சை விழுவதற்கு மூன்று விநாடி முன்பே கிளம்புவார். ஒருவழிப் பாதை என்பது எதிரே வருகிறவர்களுக்குப் போட்ட சட்டம் என்பது அவர் கட்சி. புது டயர் போட்ட முதல் 150 கிலோமீட்டர் மட்டும் ஆள் மாறிவிடுவார்.

அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? பல டயர் கம்பெனிகள் புது டயருக்கு முதல் 100 மைல் நிதானமாக ஓட்டச் சொல்கின்றன. அது 160 கிலோமீட்டர். எதையும் பேரம் பேசாமல் வாங்கிப் பழக்கமில்லாதவர், பத்தைக் கழித்து 150 ஆக்கிவிட்டார்.

பழைய டயரைக் கழற்ற வைத்ததே பெரிய கதை. டயரில் ரோட்டைத் தொடும் ரப்பர்க் கட்டங்களுக்கு, அதாவது பட்டன்களுக்கு, நடுவே உள்ள பள்ளங்களின் அடியில் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். தேய்ந்து தேய்ந்து பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும் என்று அர்த்தம். இவர் வண்டியில் அந்த மேடும் சேர்ந்தே தேய்ந்து மாதக்கணக்காகிவிட்டது. “மொட்டையாத்தான் இருக்கு, ஆனா நல்லா ஓடுது தம்பி” என்பார். ஒரே மாதத்தில் மூன்றாவது முறை தள்ளிக்கொண்டு வந்தபோது, பஞ்சர் கடைப் பையன் கையெடுத்துக் கும்பிட்டான்: “அண்ணே, எனக்குத் துட்டு வேணாம். நீங்க டயரை மாத்திடுங்க.”

மாற்றுவது என்று முடிவானதும் அது பெண் பார்க்கும் படலமாகிவிடும். கடைக்காரர் டயரைக் கீழே வைத்த மறுநொடி இவர் குந்தி உட்கார்ந்து ஜாதகம் பார்ப்பார். பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 1825 என்றால் 2025-ஆம் வருஷம் 18-ஆவது வாரத்தில் பிறந்த டயர். அடுத்தது அம்புக்குறி. சக்கரம் சுற்ற வேண்டிய திசையை அது காட்டும், மாற்றிப் பூட்டக்கூடாது. மஞ்சள் புள்ளி இருந்தால் அதை வால்வுக்கு நேராக வைக்கச் சொல்வார். டயரில் எடை குறைந்த இடம் அதுதான், வால்வு இருக்கிற பக்கம் கொஞ்சம் கனம், இரண்டும் சேர்ந்தால் சரியாகிவிடும் என்று கடைக்காரருக்கே பாடம் நடத்துவார். இதுவரை அவர் சொன்னது எல்லாம் சரி. அதுதான் அவரிடம் உள்ள சங்கடம். பாதி சரியாகச் சொல்வதால் மீதியையும் எல்லோரும் நம்பிவிடுகிறார்கள்.

உதாரணத்துக்கு, டயர் முடி. புது டயர் மேல் பூனை மீசை மாதிரி ரப்பர் நூல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அச்சுக்குள் டயரை வேகவைக்கும்போது காற்று வெளியேறச் சின்னத் துளைகள் வைத்திருப்பார்கள். காற்றின் பின்னாலேயே ரப்பரும் கொஞ்சம் பிதுங்கி நிற்கிறது, வேறு விசேஷமில்லை. கடைப் பையன் விளையாட்டாக ஒன்றைப் பிடுங்கினால் இவர் பதறுவார்: “தம்பி, கை வெக்காதே! கிரிப்பே அதுலதான் இருக்கு.” பிடிப்புக்கும் அந்த முடிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

உண்மையில் அவர் பயப்பட வேண்டியது வழவழப்புக்குத்தான். அச்சிலிருந்து வந்த டயரின் தோல் கண்ணாடி மாதிரி இருக்கும். ரப்பர் ரோட்டைப் பிடிப்பது அதன் மேற்பரப்பு ரோட்டின் நுண்ணிய சொரசொரப்புக்குள் இறங்கி உட்காருவதால். அதற்குத் தோல் கொஞ்சம் உரசி மங்க வேண்டும். டயர் அச்சில் ஒட்டாமல் இருக்கத் தடவும் பூச்சு மேலே மிஞ்சியிருந்தால் அதுவும் தேய்ந்து போக வேண்டும். இது போக, முழு உயரத்தில் நிற்கிற புதுப் பட்டன்கள் பாரம் ஏறும்போது லேசாக வளைந்துகொடுக்கும். மொட்டை டயரில் பழகியவருக்கு வண்டி நீந்துகிற மாதிரி இருக்கும். டயரை ரிம்மில் ஏற்றச் சோப்புத் தண்ணீர் தடவியிருந்தால் அது காய்கிற வரை திடீர் ஆக்சிலரேட்டரும் திடீர் பிரேக்கும் வேண்டாம். டயரே ரிம்மில் வழுக்கி நகரப் பார்க்கும்.

டீக்கடையில் இதை யாரும் இவ்வளவு நீட்டிச் சொல்வதில்லை. அங்கே வைத்தியம்தான் கிடைக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய் என்பார் ஒருவர். பெட்ரோலில் துடை என்பார் இன்னொருவர். கட்டிட வேலைக்குக் கொட்டிய மணலில் நாலு தடவை ஏற்றி இறக்கச் சொல்வார் மூன்றாமவர். காற்றைப் பாதியாக இறக்கி ஓட்டு, சீக்கிரம் பழகும் என்பவர் நான்காமவர். பெட்ரோலும் டீசலும் ரப்பரைக் கெடுக்கும். காற்று குறைந்தால் டயர் சூடேறும், வளைவில் வண்டி சொன்னபடி கேட்காது. எவ்வளவு காற்று என்பது பெரும்பாலான வண்டிகளில் செயின் கவர் அருகே ஸ்டிக்கரிலேயே ஒட்டியிருக்கிறது, அதை மட்டும் யாரும் குனிந்து படிப்பதில்லை. இவர் எல்லா வைத்தியத்தையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, “எங்கப்பா டன்லப்ல முப்பது வருஷம். எனக்கே சொல்றீங்களா?” என்று முடித்துவிடுவார். அம்பத்தூரில் டன்லப் என்று பஸ் ஸ்டாப்பே உண்டு. டயர் ஆலை ஓட்டம் நின்று வருஷங்கள் ஆகிவிட்டன, கண்டக்டர் வாயில் பெயர் இன்னும் இருக்கிறது. பெல்ஃபாஸ்டில் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓடக் காற்றடைத்த டயர் செய்த ஜான் பாய்ட் டன்லப், தொழிலால் ஒரு மாட்டு வைத்தியர். அதைச் சொன்னால் இவருக்குக் கோபம் வரும்.

ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் அந்த டீக்கடைக் கூட்டத்தில் உண்டு. விஜயந்தா டாங்க் உருண்டு வெளியே வந்த 1965-லிருந்து தொடங்குவார். “எங்க வண்டிக்கு டயர்ப் பிரச்னையே கிடையாது சார், எல்லாம் செயின்” என்பது அவர் பெருமை. அந்தச் செயினுக்குள் ஓடும் சக்கரங்களுக்கு ரப்பர் விளிம்பு உண்டு என்று இவர் மடக்குவார். அன்றைய டீக்கு நண்பர் காசு கொடுப்பார்.

வீட்டில் வேறு சோதனை காத்திருக்கும். அம்மா எலுமிச்சம்பழத்தோடு வாசலில் நிற்பார். வழுக்கும் புது டயரில் எலுமிச்சைச் சாறு வேறா? மாட்டேன் என்றால் அம்மா விடமாட்டார். ஏற்றினால் இவருக்குத் தூக்கம் வராது. கடைசியில் பழம் பழைய முன் டயருக்குக் கீழே போனது. முன் டயருக்குப் புண்ணியம், பின் டயருக்குப் பிடிப்பு.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு, 150 கிலோமீட்டர் விரதத்தை ஒரேயடியாக முடிக்கக் கிளம்பினார். பட்டாபிராம் பக்கம் போய் வெளிவட்டச் சாலையில் ஏறினார். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் நீளும் சாலை. போனார், வந்தார், மறுபடி போனார், வந்தார். மத்தியானத்துக்குள் 150 முடிந்தது. வெற்றியோடு இறங்குபாதையில் வழக்கம்போல வண்டியைச் சாய்த்தார். பின்சக்கரம் ஒரு சாண் நழுவியது. விழவில்லை. ஆனால் ஓரமாக நிறுத்தி, பத்து நிமிஷம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

குனிந்து பார்த்தால் விஷயம் விளங்கியது. டயரின் நடுவே மங்கிய பட்டை, இரண்டு ஓரமும் கடையில் வாங்கியபோது இருந்த அதே பளபளப்பு. நேர்சாலையில் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாலும் நடுப்பகுதிதான் பழகும். வளைவில் ரோட்டைத் தொடுவது ஓரம். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக, இன்று இவ்வளவு, நாளை இன்னும் சற்று என்று சாய்த்துத்தான் பழக்க வேண்டும்.

அதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் வீட்டுப் பக்கத்துப் பிள்ளையார் கோவில். நாலு பக்கமும் தெரு, வண்டி நடமாட்டம் குறைவு. மெதுவாக இருபது சுற்று. அம்மாவுக்குப் பரம சந்தோஷம். மறுநாள் பார்த்தால் டயரின் வலது ஓரம் மட்டும் மங்கியிருக்கிறது. பிரதட்சிணத்தில் எல்லாத் திருப்பமும் வலதுபக்கம்தானே! இடது ஓரம் பழக வேண்டுமென்றால் பிள்ளையாரை எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். அம்மா விஷயத்தைக் கேள்விப்பட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். இடதுபக்கத்துக்கு வேறு தெரு பார்க்க வேண்டியதாயிற்று, அங்கே ஒரு குடிநீர்த் தொட்டியைச் சுற்றினார்.

அண்ணன் மகன் ரேஸ் பைத்தியம். பூந்தமல்லி தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் 1990-இலிருந்து இருக்கிற ரேஸ் டிராக்குக்குப் போய் வந்தவன். 3.7 கிலோமீட்டர் சுற்றை மனப்பாடமாகச் சொல்வான். “சித்தப்பா, ரேஸ்ல இப்படி வளைச்சு வளைச்சு ஓட்டித்தான் டயரைச் சூடு பண்ணுவாங்க” என்றான். அது கார் ரேஸில் பார்க்கிற காட்சி. பைக்கில் வளைத்து ஓட்டி வருகிற சூடு சொற்பம், ரேஸ் பைக் டயர்களுக்கு மின்சாரப் போர்வை சுற்றிச் சூடேற்றித்தான் இறக்குகிறார்கள். தவிர, திருவள்ளூர் நெடுஞ்சாலையில் வளைந்து வளைந்து ஓட்டத் தனிப் பயிற்சி வேறு தேவையா? பள்ளங்களே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன.

அந்த வாரம் ஒருநாள் தூறல் போட்டது. நீண்ட வெயிலுக்குப் பிறகு விழும் முதல் தூறல்தான் மோசம். ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு குழைந்துவிடும்; அதோடு மெட்ரோ வேலைக்குப் போட்ட இரும்புத் தகடு, பாதாளச் சாக்கடை மூடி, வெள்ளைக் கோடு எல்லாமே எண்ணெய் தடவியது போலாகும். பழகிய டயருக்கே அது சோதனை. இவர் வண்டியை வாசலில் மூடிவைத்துவிட்டு லோக்கல் ரயில் ஏறினார். பதினைந்து வருஷமாகக் கொட்டும் மழையில் மொட்டை டயரோடு போனவர்!

வீட்டம்மாவுக்கு இந்த நாட்கள் திருவிழா மாதிரி. பின்சீட்டில் உட்கார்ந்து சீட்டுக் கம்பியை இறுகப் பிடிக்க வேண்டியதில்லை, ஸ்பீடு பிரேக்கரில் தூக்கிப் போடுவதில்லை, வழியில் கடைப் பெயர்களைக்கூடப் படிக்க முடிகிறது. திருநின்றவூர் கிரகப்பிரவேசம், கொரட்டூர் பல் டாக்டர், பூந்தமல்லி ஜவுளிக்கடை எல்லாவற்றையும் அந்த வாரத்திலேயே முடித்துக்கொண்டார். எந்தச் சோதிடரிடமும் நாள் பார்க்காதவர், மீட்டரைப் பார்த்து நாள் குறிக்கிறார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்பத்தூர் எஸ்டேட் சிக்னலில் ஓரங்களுக்கான அவர் கணக்கும் முடிந்தது. பச்சை விழ இன்னும் மூன்று விநாடி. வண்டி சீறிக் கிளம்பி, தண்ணீர் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே நுழைந்து மறைந்தது.

ராத்திரி சாப்பாடு பரிமாறும்போது வீட்டம்மா கேட்டார்: “ஏங்க, முன் டயரும் தேய்ஞ்சிருக்கே, எப்ப மாத்தப் போறீங்க?”

“அதுவா? அது இன்னும் ஒரு வருஷம் தாராளமா ஓடும்.”