மணிமேகலைக்குப் பென்ஷன்: ரசிகர் புனைவு குறித்த ஒரு கோபாலபுரத்து ஆய்வு

எழுத்தாளர் ‘முற்றும்’ போட்ட கதையை முற்றவிடாமல் வாசகர் வளர்ப்பதே ரசிகர் புனைவு. அப்படி வளர்த்ததில் எது நிலைக்கும், எது பழைய பேப்பர்க்காரரிடம் போகும் என்பது எழுதியவர் கையில் இல்லை. ரசிகர் பந்தியில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இது கருதுகோள்.

களம்: கோபாலபுரம். காரணங்கள் மூன்று. 1955 முதல் நாவல்களை வாடகைக்குத் தரும் ஈஸ்வரி லெண்டிங் லைப்ரரி இருக்கும் வட்டாரம். ‘ரோமாபுரிப் பாண்டியன்’ எழுதியவர் முதலமைச்சராகக் குடியிருந்த பேட்டை. மேலும், கான்ரான் ஸ்மித் சாலையில் ஆய்வாளரின் அத்தை வீடு. ஃபில்டர் காபி இலவசம்.

தரவு: கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வந்தது. முடித்த வருஷமே, டிசம்பரில், கல்கி காலமானார். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. நாயகன் வந்தியத்தேவன், இளவரசி குந்தவை கல்யாணத்தையும் நடத்திக் காட்டவில்லை. “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்டவர்களுக்காக முடிவுரை எழுத வேண்டியதாயிற்று. அதிலும் ஆசை அடங்காத ரசிகர்கள் நான்கு கட்சியாகப் பிரிகிறார்கள்.

பைண்டிங் கட்சி: வாராவாரம் ஓவியர் மணியத்தின் படத்தோடு கிழித்துச் சேர்த்து, காலிகோ அட்டை போட்டவர்கள். முகூர்த்தம் பார்க்காமல் எந்தக் கதையையும் மூட மாட்டார்கள். ‘அமுதசுரபி’ விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யில் கதையைத் தொடர்ந்தபோது, சொந்தக்காரர் வீட்டு விசேஷம் போல் முன்வரிசையில் போய் அமர்ந்தவர்கள் இவர்களே.

கல்வெட்டுக் கட்சி: தணிக்கை உத்தியோகத்தில் ரிடையர் ஆனவர்கள். உடையார்குடிக் கல்வெட்டில் கொலைகாரர் வரிசையில் ரவிதாசன் பெயர் இருக்கிறது, கதையில் வரும் நந்தினி பெயர் இல்லை என்பதை வவுச்சர் சரிபார்க்கும் குரலில் சொல்வார்கள். காலச்சக்கரம் நரசிம்மாவின் ‘சங்கதாரா’ கொலைப்பழியைக் குந்தவை பக்கமே திருப்பியது இவர்களுக்குத் தேன். முதல் கட்சிக்கோ, வீட்டுப் பெண்ணை வீதியில் வைத்துப் பேசிய மாதிரி.

கோயில் கட்சி: கொலையும் வேண்டாம், கல்யாணமும் வேண்டாம், தஞ்சைப் பெரிய கோயிலில் கல் எப்படி ஏறியது என்று சொன்னால் போதும். பாலகுமாரனின் ‘உடையார்’ ஆறு பாகம். பிரதட்சணம் போல நிதானமாகச் சுற்றி முடிப்பார்கள்.

2022 கட்சி: மணிரத்னம் படம் வழியாகச் சோழ நாட்டுக்குள் நுழைந்தவர்கள். ஐந்து பாகத்தையும் படிக்க அவகாசமில்லை. ஆனால் நந்தினிக்கு நியாயம் கிடைக்கவில்லை என்பதில் உறுதி. இவர்கள் ஏற்கும் புனைவு அரை நிமிஷத்தில் முடியும், பின்னணி இசையோடு.

எதிர்வாதம்: நல்ல எழுத்து எந்தப் பந்தியிலும் செல்லுபடியாகாதா? ஆகும். ஆனால் இலையில் முதலில் எதைத் தொடுகிறோம் என்பதை நாக்குதானே தீர்மானிக்கிறது?

இறுதிச் சான்று: அத்தை. பெண்கள் பள்ளியில் முப்பது வருஷம் தமிழ் டீச்சர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மேற்படி நான்கு கட்சியிலும் அவர் சேரவில்லை. வந்தியத்தேவனைக் காதலித்து, கதையில் கல்கி சாகடித்துவிட்ட மணிமேகலை அவர் சொல்லும் தொடர்ச்சியில் சாவதில்லை. கடம்பூரை விட்டுப் பழையாறைக்குப் போய், பெண் குழந்தைகளுக்கு வீணையும் கணக்கும் சொல்லிக்கொடுக்கிறாள்.

“வந்தியத்தேவன்?” என்று கேட்டார் ஆய்வாளர்.

“அவன் எப்பவாவது வருவான். காபி கொடுத்து அனுப்பிடுவா” என்றார் அத்தை.

சோழர் காலத்தில் காபி ஏது என்று ஆய்வாளர் கேட்கவில்லை. டம்ளர் கையில் இருந்தது.